ரிமோட் டேங்கும் பகலில் தூங்குகிறவரும்

மனித மூளையில் பயம் குடியிருக்க ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; தன் மூளையில் அந்த இடம் பிறந்ததிலிருந்து யாருக்கும் அலாட் ஆகாமல் பூட்டியே கிடக்கிறது. இதை அறிவுச்செல்வன் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் வகுப்பின் முன்னால் நின்று, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், அறிவித்திருந்தான். யாரும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவனுடைய டேங்க், 2016 மே மாதத்து ஒரு மத்தியானத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பில் அவன் அப்பாவின் குவார்ட்டர்ஸ் ஹாலில், எதிரே யாருமே இல்லாதபோது குண்டடி பட்டது.

யுத்த டேங்க்தான். பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கியது. அத்தை மகன் சுதாகர் சிங்கப்பூரில் ஜோடியாக வாங்கி, ஒன்றை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒன்றை இவனுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இரும்புச் செயின், சுழலும் தலை, சுடும்போது பின்னுக்கு இழுத்து முன்னுக்கு வரும் குழாய், எண்ணெய் ஊற்றினால் வரும் புகை. கைக்குழந்தையின் கனம். "இந்த வயசுல பொம்மையாடா?" என்று கேட்ட அம்மா கனகத்துக்கு, பொம்மைக்கும் பெரியவர்கள் ஓட்டும் ஹாபி கிரேடுக்கும் உள்ள வேறுபாட்டை, அவள் வெங்காயம் உரித்து முடிக்கும்வரை அவன் விளக்கினான். கடைசியில் அம்மா கேட்டாள்: "சரி, இது எத்தன வயசுப் புள்ளைங்களுக்கு?"

கூட வந்த கையேட்டை அவன் பரீட்சைப் புத்தகத்துக்குக் காட்டாத மரியாதையோடு படித்தான். முதல்முறை பேட்டரியை முழுசாக ஏற்ற வேண்டும். ஓட்டும்போது முதலில் ரிமோட், அப்புறம் டேங்க். அணைக்கும்போது முதலில் டேங்க், அப்புறம் ரிமோட். செயின் தொய்ந்தால் கழன்று விழும். இறுக்கினால் மோட்டார் அழும். துணி, முடி, நூல் கிடக்கும் தரையில் ஓட்டக்கூடாது, பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இரண்டு பேர் சண்டை போட்டும் விளையாடலாம். டிவி ரிமோட்டில் போவது மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி குழாயிலிருந்து கிளம்பும். அது இன்னொரு டேங்கின் தலைமேல் இருக்கிற கண்ணாடிக் குமிழில் பட்டால், பட்ட டேங்க் இடமும் வலமும் உதறும். அடி மேல் அடி பட்டால் இன்ஜின் நின்று விளக்கணைந்து செத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் தானே உயிர் வரும்.

உதறியது. ஹாலின் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றபடி இடம், வலம், இடம். மொசைக் தரையில் செயின் கரகரவென்று தேய்ந்தது. அறிவு ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தான். மறுபடி உதறியது.

"எதிரி சிங்கப்பூர்ல இருக்கான்," என்று அவன் டேங்கிடம் சொன்னான். குரலைத் தாழ்த்தித்தான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் எல்லாமே அப்பாவின் தூக்கத்தைச் சுற்றித்தான் ஓடியது. அப்பா சக்கரபாணி, நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர், பெர்மனென்ட். நைட் ஷிப்ட் வாரங்களில் காலையில் வந்து குளித்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஜன்னலில் பழைய பேப்பர் ஒட்டி வெண்டிலேட்டரில் கோணி சொருகிய, கிழக்குச் சுவரை ஒட்டிய ரூமுக்குள் போய்ப் படுப்பார். வெளியே அக்கினி வெயில் கொளுத்த, உள்ளே கையால் செய்த ராத்திரி. அந்த ராத்திரி உடையாமலிருக்க அம்மா குக்கருக்கு விசில் போட மாட்டாள், குழாயடியில் துணி விரித்து அதன்மேல் குடத்தை வைப்பாள், மிக்சியை அதே வரிசையில் நாலு வீடு தள்ளியிருக்கும் விருத்தாம்பாள் அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அரைத்து வருவாள். போன மாதம் அப்பா பெல்ட் ஓரத்தில் நின்றபடியே கண்ணசந்து சாய்ந்திருக்கிறார். கூட இருந்த சின்னதுரை சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், வீட்டுக்கு வந்திருப்பது சட்டை மட்டும்தான். அன்றிலிருந்து அப்பாவின் பகல் தூக்கம்தான் அந்த வீட்டில் ஒரே சொத்து. அறிவு எல்லாவற்றையும் கிண்டல் செய்வான். அதை மட்டும் செய்ததில்லை. டேங்கின் அடியிலிருந்த சத்தத் திருகை அவன் முதல் நாளே சுழிக்குத் திருப்பிவிட்டான்.

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் விவகாரம்.

டவுன்ஷிப்பில் அந்த வரிசை முழுக்க இரட்டைக் குவார்ட்டர்ஸ். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஒரே வீடு, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலமாகத் திரும்பி. அப்பாவின் கட்டில் தலைமாடு இந்தப் பக்கம் என்றால் அதே இடத்தில் அந்தப் பக்கமும் ஒரு கட்டில். அதில் படுத்திருந்தவர் மருதாசலம், தனி ஆள், அவரும் பெல்ட்தான். நைட் ஷிப்ட் முடித்துப் படுக்கிறவர்கள் கேட்டில் ஈரத்துண்டு ஒன்றைக் கட்டிவைப்பது அந்த வரிசையின் வழக்கம். ஆள் தூங்குகிறார், பெல் அடிக்காதே என்று அர்த்தம். துண்டைப் பார்த்தால் பால்காரர் சைக்கிளை இறங்கித் தள்ளுவார், பிள்ளைகள் கிரிக்கெட்டை அடுத்த தெருவுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள், பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடப்பார்கள். மருதாசலம் ஒரு நாள் துண்டைக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தார். துண்டு அவிழவில்லை. வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு மரியாதை காட்டியது. டபுள் ஷிப்ட் பார்த்திருப்பார், பாவம், தூங்கட்டும் என்றார்கள். தூங்கட்டும், தூங்கட்டும் என்று ஒரு வாரம் போனது. அப்புறம் வாசனை வந்துதான் கதவை உடைத்தார்கள்.

அது நடந்து ரெண்டு வருஷம். வீடு யாருக்கும் அலாட் ஆகவில்லை, சாமான்களை எடுக்கவும் யாரும் வரவில்லை. ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. இனி வேண்டாம் என்று முதலில் யார் சொல்வது என்று தெரியாமலே அது அப்படியே தங்கிவிட்டது.

அறிவு அதைக் கல்லூரி ஹாஸ்டலில் நடித்தே காட்டியிருக்கிறான். இரண்டு செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு, பூனை மாதிரி அடியெடுத்து, காலி நாற்காலி ஒன்றைப் பார்த்து "ஷ்ஷ்" என்பான். ஹாஸ்டலே உருளும். ஊருக்கு வந்தால் அந்த கேட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே சட் சட்டென்று செருப்படித்து நடப்பான். ஒருமுறை எதிரே வந்த விருத்தாம்பாள் அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

"தம்பி, தூங்கிக்கினு இருக்காருப்பா."

"யாருக்கா?"

அக்கா அவன் செருப்புக் காலைப் பார்த்தாள்.

*

அப்பாவுக்கு வீக்லி ஆஃப் வந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். அறிவு பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வகுப்புத் தோழன் செங்குட்டுவனை வரவழைத்தான்.

"ஒரு காலி வூட்டுக்கு ஒரு தெருவே அடிமையா இருக்கு மச்சி. நாம இன்னிக்கி விடுதலை வாங்கித் தரப்போறோம்."

"டேங்க வச்சா?"

"உலகத்துல வேற எத வச்சி வாங்கியிருக்காங்க?"

டேங்க் ஏன் சுவரைப் பார்த்து உதறுகிறது என்பதை அவன் சொல்லவில்லை. சொன்னால் கேள்வியாகிவிடும். ஏழெட்டு தடவை உதறியாயிற்று. ஹாலில் வேறெந்தப் பக்கம் திருப்பினாலும் உதறுவதில்லை.

பின்பக்கம் முருங்கை மரத்தைத் தாண்டி, இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருந்த வேலி விழுந்த இடத்தில் புகுந்தார்கள். பக்கத்து வீட்டுப் பின்கதவின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. டேங்க் நுழைய அளவெடுத்துச் செய்த மாதிரி ஓர் ஓட்டை. அறிவு தன் போனில் வீடியோவை ஓடவிட்டு, டேங்கின் முதுகில் டேப் சுற்றி ஒட்டினான். சத்தத் திருகை முதன்முறையாக முழுசாகத் திருப்பினான். ரிமோட்டைப் போட்டான். டேங்கைப் போட்டான். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு உறும, மர நிழலில் படுத்திருந்த நாய் ஒன்று எழுந்து போனது.

டேங்க் இருட்டுக்குள் போனது.

பார்க்காமல் ஓட்டுவது கஷ்டமில்லை. தன் வீட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும். சமையலறை, நேராக. ஹால், இடதுபுறம். ரூம், இன்னொரு இடது. உறுமல் அறைக்கு அறை தொனி மாறிக்கொண்டே போயிற்று. சமையலறையில் தகரமாக ஒலித்தது, ஹாலில் அகலமானது, ரூமுக்குள் போனதும் யாரோ அதன்மேல் போர்வை போட்ட மாதிரி அமுங்கியது. அறிவு சுடும் பொத்தானை அழுத்தினான். டமால். பொத்தானை மறுபடி அழுத்தினான். டமால். ஓட்டை வழியாக வெளியே வந்த காற்றில் எரியாத நிலக்கரியின் ஈர நெடியும், அதற்கு மேல் தலைக்குத் தேய்த்த நல்லெண்ணெய் வாசனையும் இருந்தன. டமால்.

உள்ளே செயின் தரையில் தேயும் சத்தம். கரகர. இடம், வலம், இடம்.

"என்னடா அது?" என்றான் செங்குட்டுவன்.

"அடி படுது."

"யாரு அடிக்கிறா?"

கரகர. கரகர. பிறகு இன்ஜின் ஒரு விக்கலோடு நின்றது. எங்கோ தூரத்தில், கேட்டுக்கேட்டுக் காது மறந்துபோன மைன்ஸின் ரீங்காரம் மட்டும் மிச்சமிருந்தது. செங்குட்டுவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான். எந்த பஸ் என்று அறிவு கேட்கவில்லை. அவன் போகும்போது செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

டேங்குக்குத் தானே உயிர் வந்தது. பின்னோக்கி இழுத்து, திருப்பி, சுவரில் முட்டி, ஒருவழியாக ஓட்டைக்குக் கொண்டுவந்தான். முன் பல்சக்கரத்தில் ஏதோ சுற்றியிருந்தது. வெள்ளை நூல், தடிமனாக, துண்டின் ஓரத்திலிருந்து உருவிய மாதிரி. ரெண்டு வருஷம் பூட்டிக்கிடந்த வீட்டில், ஊரே காய்ந்து வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில், அந்த நூல் ஈரமாக இருந்தது.

வீடியோவை ஹாலில் உட்கார்ந்து பார்த்தான். கணுக்கால் உயரத்திலிருந்து பார்த்த உலகம். சாம்பல் தூசி மணல்மேடுகளாக வந்து போயிற்று. ரூம் வாசல். இருட்டு. சுடும்போது குழாய் நுனியில் மினுக்கும் விளக்கில் ஒரு கணம் மட்டும் தெரியும்.

டமால். கட்டிலின் இரும்புக் கால்கள்.

டமால். கட்டிலுக்கு அடியில் சேஃப்டி ஷூ ஒரு ஜோடி, மூக்கு சுவரைப் பார்த்து.

டமால். ஷூ. மூக்கு இந்தப் பக்கம் பார்த்து.

படம் உதறியது. இடம், வலம். அப்புறம் ஒன்றுமில்லை. கறுப்பு. இன்ஜின் நின்ற பிறகு போனின் மைக்கில் கட்டில் கிரீச்சிட்டது. தரையில் ஏதோ வைக்கப்பட்டது, மெத்தென்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. எழுந்து உட்கார்ந்த ஒருவர் காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தொடும் சத்தம். பிறகு, மிகக் கிட்டத்தில், தூக்கம் கலைந்த கரகரப்பில்:

"மணி என்ன?"

அறிவு வீடியோவை அழித்தான். பயத்தால் அல்ல. போனில் இடம் இல்லை.

*

அடுத்த நாளே அப்பாவுக்கு மறுபடி நைட். அதற்கு மறுநாள் காலையில் வந்து படுத்தவர், வெயில் ஏறுவதற்குள் ரூம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"யாருடா மணி கேட்டுக்கினே இருக்கறது?"

"யாரும் கேக்கலியேப்பா."

"கேட்டாங்கடா. தல மாட்டுல."

நைட் ஷிப்ட் ஆள்கள் பகலில் பாதியில் விழித்தால் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். அப்பாவே தூக்கத்தில் கேட்பார். அம்மா எங்கிருந்தாலும் தாழ்ந்த குரலில் ஒரே பதிலைச் சொல்வாள்: "இன்னும் நேரம் கெடக்குதுங்க. தூங்குங்க." அது காதில் விழுந்ததும் அப்பா திரும்பிப் படுத்துவிடுவார். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஷிப்டுக்குத் தவறிவிடவில்லை என்று தெரிந்தால் போதும். அன்று அம்மா அதைச் சொன்னாள். அப்பா படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார்.

அப்படியே நாள்கள் போயின. அப்பா தூங்கவில்லை. ரூமை மாற்றி ஹாலில் படுத்தார்; கேள்வி ஹாலுக்கு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்க, கண் மட்டும் திறந்தே இருந்தது. காபி டம்ளரைப் பிடித்தால் தளும்பியது. லீவு போடச் சொல்லி அம்மா அழுதாள். "போட்டா மட்டும் தூங்க வுடுவானா அவன்?" என்றார் அப்பா. 

ஒரு காலை ஷிப்ட் பஸ்ஸிலிருந்து சின்னதுரை அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, அண்ணன் மறுபடி பெல்ட் மேல சாஞ்சிட்டாருங்க. இன்னிக்கி நான் இருந்தேன். நாளையிலேர்ந்து எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்." அவன் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசல் கம்பியைப் பார்த்துச் சொன்னான்.

அன்று அம்மா சோறு வடித்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். ரூமுக்குள் அப்பா விழித்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே யாரோ நடந்துபோகும் சத்தம்கூட இல்லை, செருப்பைக் கழற்றியிருப்பார்கள். அறிவு ரிமோட்டை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அது பயமில்லை என்று அவனால் நிரூபிக்க முடியும். கோபம். ஒரு தெருவே ரெண்டு வருஷம் மூச்சடக்கி ஒருவரைத் தூங்கவைத்தது. ஒருவர்கூட அந்த மனுஷனிடம் போய் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சரி. பேசிவிடலாம்.

உச்சிவெயிலில், முன்னால் டேங்கை விட்டு, பின்னால் அவன் போனான். டேங்குக்கு முன்விளக்கு உண்டு. சத்தம் சுழியில். பின்கதவைத் தோளால் இடித்தான். கரையான் தின்ற தாழ்ப்பாள் உதிர்ந்தது. சமையலறை. ஹால். சுவரில் காலண்டர் தொங்கிய இடத்தில் வெளிறிய கட்டம். அவன் வீட்டு ஹாலில் டிவி இருக்கும் இடத்தில் இங்கே ஒன்றுமில்லாத ஒரு மூலை. அதைத் தாண்டும்போது தன்னையறியாமல் டிவியைச் சுற்றிக்கொண்டு நடந்தான். நல்லெண்ணெய் வாசனை. ரூம்.

விளக்கு வட்டம் கட்டில்மேல் ஏறியது. யாரும் இல்லை. மெத்தை. மெத்தைமேல் ரெண்டு வருஷத்துச் சாம்பல் தூசி, வெள்ளையாக. அதன் நடுவில் ஆள் நீளத்துக்கு மட்டும் தூசி இல்லை.

"மருதாசலம் மாமா."

குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். இந்தமுறை அதட்டலாகவே வந்தது.

"மாமா, ஒங்கள எழுப்புனது நானு. எங்கப்பா இல்ல. மணி கேக்கணும்னா எங்கிட்ட கேளுங்க. ராத்திரி பகல் எப்ப வேணா கேளுங்க. எந்திரிச்சி பதில் சொல்றேன். ஆனா எங்கப்பா தூங்கணும். அதுக்கு நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க. எனக்குத் தெரியாது. தூங்கணும், அவ்ளோதான்."

தன் வாழ்க்கையில் சிரிப்பு வராமல் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை என்று அவனுக்குத் தோன்றியது.

டேங்க் உதறியது.

இடம். வலம்.

மறுபடி.

மறுபடி. விளக்கு அணைந்தது.

இருட்டு. முழு இருட்டு. ஜன்னல் இருந்த இடம்கூட இல்லை. கட்டில் கிரீச்சிடவில்லை. காலடி கேட்கவில்லை. ஆனால் எண்ணெய் வாசனை அருகில் வந்தது. இன்னும் அருகில். வலது காதில் சூடாக ஒரு மூச்சு. ஈரமாக. நிலக்கரி நெடியோடு.

"மணி என்ன?"

ஓடக்கூடாது. கால் ஓடியது, உடம்பு நின்றது. பல் கிட்டித்துப் போயிற்று. அதைப் பிரித்தான். அம்மாவின் வார்த்தைகள்தான் கிடைத்தன.

"இன்னும்... இன்னும் நேரம் கெடக்குதுங்க. தூங்குங்க."

ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெரிய கனம் ஒன்று இறங்குவதுபோலக் கட்டில் முனகியது. சுவருக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டில், அறுவை மில் மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. அறிவு சுவரில் காதை வைத்தான். அப்பாவின் குறட்டை.

அவன் அழுதான். டேங்கை மார்போடு தூக்கிக்கொண்டு, வெளியே வந்து, முருங்கை மரத்தடியில் நின்று, அந்த வீட்டைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றான். ஜெயித்தவன் கேட்பது மாதிரித்தான் கேட்டான்.

*

அப்பா தூங்கினார். அன்று விளக்கு வைக்கும்வரை. மறுநாளும். ஷிப்டுக்கு முழித்த கண்ணோடு போய் முழித்த கண்ணோடு வந்தார். கை நடுக்கம் நின்றது. மீன் குழம்பு கேட்டார். அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டதுதான் பலித்தது என்றாள். அறிவு அதை மறுத்துப் பேசவில்லை என்பதை அம்மா கவனித்திருக்க வேண்டும். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கேள்வி அவனிடம் வந்தது, ஒப்பந்தப்படி. குளிக்கும்போது. சாப்பிடும்போது. செங்குட்டுவனோடு போனில் பேசும்போது பாதியில். எப்போதும் வலது காதில். அவன் பதில் சொன்னான். "யார்ட்ட மச்சி பேசற?" என்றான் செங்குட்டுவன். "கஸ்டமர் கேர்," என்றான் அறிவு. படுத்தால் கண் மூடுவதற்குள் கேட்டது. பரவாயில்லை. தூக்கம் போனால் என்ன, அவன் பெல்ட்டிலா நிற்கிறான்? தூங்கி ஈடுகட்ட வகுப்பறைகள் இந்த நாட்டில் ஏராளம். அவன் கண்ணாடியில் தன் சிவந்த கண்ணைப் பார்த்து இதைச் சொல்லி, சிரிக்கவும் முயன்றான்.

பிறகு ஒரு நாள் காலையிலிருந்து கேள்வி வரவில்லை.

பத்து மணிக்கு மேலாயிற்று. வரவில்லை. அம்மா சொல்லிக் கடைக்குப் போய்ப் புளி வாங்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் சட் சட்டென்று தெருவில் தெறிக்க, அந்த கேட்டைக் கடந்து வந்தான். வலது காது லேசாக இருந்தது. காற்றுகூட இனித்தது. ஒப்பந்தம் முடிந்தது, மருதாசலம் மாமா நிஜமாகவே தூங்கிவிட்டார்.

வீட்டுப் பக்கவாட்டில் சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போகும்போது, அப்பாவின் ரூம் ஜன்னலில் பேப்பர் ஒரு மூலையில் உரிந்திருந்தது. உள்ளே குறட்டை. நிம்மதியான, கனத்த குறட்டை. அவன் சிரித்தபடி கண்ணை வைத்துப் பார்த்தான்.

உரிந்த மூலை வழியாக ஒரு கோடு வெளிச்சம் கட்டில் கால்மாட்டில் விழுந்திருந்தது. போர்வைக்கு வெளியே அப்பாவின் பாதங்கள், குதிகால் வெடிப்போடு.

அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு.

சாம்பல் பூத்து வெள்ளையாக. விரல்கள் சுவரைப் பார்த்து. அப்பாவின் காலோடு பின்னிக்கொண்டு, குளிருக்கு ஒண்டிப் படுத்த பிள்ளையின் கால் மாதிரி. குறட்டை ஏறும்போது நான்கும் சேர்ந்து ஏறின. இறங்கும்போது சேர்ந்து இறங்கின.

அவன் கையிலிருந்த புளிப் பொட்டலம் நழுவி, தரையில் விழுந்தது. சின்னச் சத்தம்தான்.

குறட்டை நின்றது.

வெள்ளைப் பாதங்கள் இரண்டும் மெல்ல, மெல்ல, ஜன்னல் பக்கம் திரும்பின. அப்பா அசையவில்லை. ஆனால் அப்பாவின் வாய் திறந்தது.

"மணி என்ன?"

அறிவுச்செல்வன் உதட்டை ஜன்னல் கம்பியில் வைத்தான். குரல் மட்டும் நடுங்கவில்லை. அதை அவன் அனுமதிக்கவில்லை.

"இன்னும் நேரம் கெடக்குதுங்க. தூங்குங்க."

நின்றான். குறட்டை மறுபடி தொடங்கும்வரை நின்றான். பிறகு குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சுடுகிற சிமெண்டுத் தரையில் சத்தமில்லாமல் நடந்தான்.